எத்தனை ஜி.பி. என்று கேட்பதற்கு முன்

கிராபிக்ஸ் கார்ட் வாங்க வருகிற எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணா, இது எத்தனை ஜி.பி.?" திருகோணமலையில் கணினி திருத்தியும் புதிதாகப் பூட்டிக் கொடுத்தும் வாழ்கிற எனக்கு இந்தக் கேள்வி நெடுநாள் பழக்கம். ஜி.பி. என்று அவர்கள் கேட்பது கார்டில் இருக்கிற நினைவகத்தின் அளவை. மூதூரில் இருந்து வருகிற தகப்பனும் அதைத்தான் கேட்கிறார். கம்பஸ் முதலாம் ஆண்டுப் பிள்ளையும் அதைத்தான் கேட்கிறது. கலியாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோக்காரரும் அதையே கேட்கிறார். ஒருவருக்கு அது பிழையான கேள்வி, இன்னொருவருக்கு அதைவிடச் சரியான கேள்வியே கிடையாது. யாருக்கு எது என்று விளங்கப்படுத்தத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வரக் காரணம் காசு. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயில் இருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாய்க்கு மேலே போனது. இறக்குமதிச் சாமான்களின் விலையும் அதோடு ஏறியது, பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. இன்றைக்கு நடுத்தரமான ஒரு கார்ட் வாங்குவதென்றால்கூட இங்கே சில வீடுகளில் நகை அடைவுக்குப் போகிறது. மகளின் படிப்புக்கென்று ஒரு தாய் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு, அந்தப் பிள்ளைக்குத் தேவையே இல்லாத ஒரு சாமானில் போய் முடிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வருவதில்லை.

சரி, இந்தச் சாமான் உண்மையில் என்ன செய்கிறது?

உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்க, கயிற்றில் வரிசையாக நிற்கிற அத்தனை பேரும் அந்தக் குரலுக்கு ஒரே நேரத்தில் இழுப்பார்கள். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவரும் செய்வது எளிய வேலைதான். எல்லாக் கையும் சேரும்போதுதான் அந்தப் பெரிய மடி கரைக்கு வருகிறது. கிராபிக்ஸ் செயலியின் வேலை முறை இதேதான். அதற்குள்ளே ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கணக்குப் பகுதிகள் இருக்கின்றன. என்விடியா நிறுவனத்தின் கார்டுகளில் அவை 32, 32 ஆகக் குழு சேர்ந்து, ஒரே கட்டளையை ஒரே நேரத்தில், ஆனால் வேறு வேறு எண்களின் மேல் செய்கின்றன. கயிற்றில் நிற்கிற ஒருவர் நடுவிலே வேறு வேலைக்குத் திரும்பினால் மற்றவர்கள் காத்து நிற்க வேண்டும் அல்லவா? கார்டிலும் அப்படியே. 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று வழி பிரிகிற கணக்குகள் வந்தால் குழுவில் பாதி, மற்றப் பாதி முடிக்கும்வரை சும்மா நிற்கும், வேகம் விழுந்துவிடும். சி.பி.யூ. என்கிற மத்திய செயலியோ தோணியின் தண்டையல் மாதிரி. நீரோட்டம் பார்ப்பது, வலை போடும் இடத்தை முடிவு செய்வது, இயந்திரம் நின்றால் கை வைப்பது என்று வேறு வேறு வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டித்தனமாகச் செய்யும். தண்டையல் மட்டும் தனியாக நின்று கரைவலை இழுக்க முடியாது. கயிறு இழுப்பவர்கள் எத்தனை பேர் சேர்ந்தாலும் தண்டையலின் வேலையைச் செய்ய முடியாது. இரண்டும் வேண்டும்.

ஏன் இத்தனை கை தேவை என்பதற்குத் திரையையே பாருங்கள். 1920க்கு 1080 என்கிற சாதாரணத் திரையில் 2,073,600 புள்ளிகள் இருக்கின்றன. செக்கனுக்கு 60 தடவை படம் மாறுகிறது என்றால், ஒவ்வொரு செக்கனும் 12 கோடியே 44 இலட்சம் தடவை 'இந்தப் புள்ளிக்கு என்ன நிறம்' என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளியின் கணக்குக்குப் பக்கத்துப் புள்ளியின் விடை பெரும்பாலும் தேவையில்லை, எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்யலாம். ஆறு கோர் கொண்ட சி.பி.யூ. ஒன்றோடு ஒப்பிட்டால் ஆர்டிஎக்ஸ் 3060 என்கிற நடுத்தரக் கார்டில் 3,584 கணக்குப் பகுதிகள். ஆர்டிஎக்ஸ் 4090இல் 16,384.

தொடக்கத்தில் இது விளையாட்டுக்காக வந்த சாமான். 1996இல் வந்த வூடூ என்ற கார்ட் முப்பரிமாணப் படத்தை மட்டும் வரையும். சாதாரணத் திரைக்கு இன்னொரு கார்ட் வேறாக வேண்டும், இரண்டையும் வெளியே ஒரு வயரால் இணைக்க வேண்டும். 1999இல் என்விடியா ஜீபோர்ஸ் 256ஐ வெளியிட்டபோதுதான் கிராபிக்ஸ் செயலிக்கு ஜி.பி.யூ. என்ற பெயரை ஊரெல்லாம் அறியச் செய்தது. அதுவரை சி.பி.யூ. சுமந்துகொண்டிருந்த உருவங்களை நகர்த்துவது, வெளிச்சம் போடுவது ஆகிய கணக்குகளை அந்தக் கார்ட் தன் தலையில் எடுத்துக்கொண்டது. அதற்குப் போட்டியாக இருந்த ஏ.டி.ஐ. நிறுவனம் 1985இல் கனடாவில் தொடங்கியது. அதன் தலைமையகம் இருந்தது மார்க்கம் நகரில். ஆம், எங்கள் சொந்தக்காரர் இத்தனை பேர் வாழ்கிற அதே மார்க்கம்தான். 2006இல் சி.பி.யூ. செய்கிற ஏ.எம்.டி. நிறுவனம் அதை வாங்கியது. இன்றைய ரேடியோன் கார்டுகள் அந்த வழியில் வந்தவை.

என் பார்வையில் பெரிய திருப்பம் விளையாட்டில் நடக்கவில்லை. 2006இல் என்விடியா கூடா என்கிற ஏற்பாட்டை அறிவித்தது. படம் வரைவதற்கென்று இருந்த இந்தக் கணக்குப் பகுதிகளை எந்தக் கணக்குக்கும் பயன்படுத்தலாம், சி மொழி தெரிந்தவர் நேரடியாக நிரல் எழுதலாம் என்று வழி திறந்துவிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2012இல், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹின்டன் என்ற மூவர் படங்களை அடையாளம் காணும் அலெக்ஸ்நெட் என்கிற நரம்பு வலையமைப்பை, அதாவது உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்கிற ஒரு நிரலை, பயிற்றுவித்தார்கள். அதற்கு எடுத்தது கடையில் யாரும் வாங்கக்கூடிய விளையாட்டுக் கார்டுகள் இரண்டு, ஜிடிஎக்ஸ் 580. ஒவ்வொன்றிலும் 3 ஜி.பி. நினைவகம். ஒரு கார்டின் 3 ஜி.பி. போதாததால்தான் வலையமைப்பை இரண்டாகப் பிரித்து இரண்டு கார்டில் வைத்தார்கள். ஐந்தாறு நாள் ஓடியது. இன்று உலகம் பேசுகிற செயற்கை நுண்ணறிவு அலை அங்கே இருந்துதான் வேகம் பிடித்தது. 'எத்தனை ஜி.பி.' என்ற கேள்வி அவர்களுக்கும் இருந்தது. அவர்களுக்கு அது சரியான கேள்வி.

எங்கள் ஊரில் பெரும்பாலானோருக்குத் தேவையான கிராபிக்ஸ் செயலி ஏற்கனவே அவர்கள் கையில் இருக்கிறது. போனில் அட்ரினோ அல்லது மாலி என்ற பெயரில் இருக்கிறது. லப்டொப்பில் சி.பி.யூ.வுக்குள்ளேயே ஒட்டி வருகிறது. இதைத்தான் உள்ளிணைந்த கிராபிக்ஸ் என்கிறோம். பாடசாலை வேலை, அரச அலுவலக வேலை, சூம் வகுப்பு, படம் பார்ப்பது, போட்டோஷொப்பில் கலியாண அட்டை செய்வது எல்லாவற்றுக்கும் இது தாராளமாகப் போதும். கிண்ணியாவில் இருந்து ஒரு ரீச்சர் வந்து, "தம்பி, கணினி மெதுவாகப் போகுது, கிராபிக்ஸ் கார்ட் போட்டால் சரி வருமாம்" என்று சொன்னார். அந்தக் கணினிக்கு உண்மையில் வேண்டியிருந்தது பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான சேமிப்பகம். அதை மாற்றிய பிறகு அவர் கார்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

உள்ளிணைந்த கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, கணினியின் ரேமில் இருந்துதான் கடன் வாங்கும். ஆகவே ரேம் எப்படிப் பூட்டியிருக்கிறது என்பது அதற்கு உயிர்ப் பிரச்சினை. டி.டி.ஆர்.4 3200 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் செக்கனுக்கு 25.6 ஜி.பி. தரவு போய்வரும். அதே மாதிரி இரண்டு ரேம்களை இரண்டு தடத்தில் பூட்டினால் 51.2. காசு தட்டுப்பாட்டில் ஒற்றை 8 ஜி.பி. ரேமோடு லப்டொப் வாங்கிவிட்டு, விளையாட்டு இழுபடுகிறது என்று கவலைப்படுகிற பெடியன்களுக்கு நான் சொல்வது இதுதான்: கார்டை மறந்துவிட்டு இரண்டாவது ரேமைப் போடு தம்பி. ஏ.எம்.டி.யின் 3400ஜி, 5600ஜி மாதிரி ஜி எழுத்தில் முடிகிற செயலிகளில் இந்த உள்ளிணைந்த பகுதி நன்றாகவே இருக்கும், அவற்றில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இந்தத் தரவுப் போக்குவரத்து வேகத்தை மனதில் வைத்துக்கொண்டால் 'எத்தனை ஜி.பி.' பொறியில் விழ மாட்டீர்கள். சந்தையில் ஜிடி 730 என்ற பழைய கார்ட் இன்னும் ஓடுகிறது. 2014இல் வந்தது. அட்டைப்பெட்டியில் 4 ஜி.பி. என்று பெரிதாக எழுதியிருக்கும். அதில் டி.டி.ஆர்.3 நினைவகம் பூட்டிய 64 பிட் வகை ஒன்று இருக்கிறது. அதன் வேகம் செக்கனுக்கு 14.4 ஜி.பி.தான். அதாவது, ஓரளவு புதிய கணினியில் இலவசமாகக் கிடைக்கிற உள்ளிணைந்த கிராபிக்ஸை விடவும் குறைவு! காசு கொடுத்துக் கணினியைப் பின்னுக்கு இழுப்பதற்குச் சமம். அதே 4 ஜி.பி. கொண்ட ஜிடிஎக்ஸ் 1650இன் வேகம் 128.  பெட்டியில் ஒரே எண், உள்ளே வேறு உலகம். குளம் எவ்வளவு பெரியது என்பது ஒன்று, வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது வேறொன்று என்று பக்கத்தில் நிற்கிற என் வேலைக்காரப் பெடியன் இதைச் சொல்லிக் கொடுப்பான், அவன் கந்தளாய்க்காரன்.

விளையாட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை, அவர்களே இணையத்தில் எல்லாம் பார்த்துவிட்டு வருகிறார்கள். இரண்டு விடயம் மட்டும் கவனிக்க வேண்டும். முதலாவது மின்சாரம். அலுவலகங்களில் கழித்து விற்கிற சின்னப் பெட்டிக் கணினிகள் இங்கே நிறைய வருகின்றன, விலைக்கு நல்ல சாமான்தான். ஆனால் அவற்றின் பவர் சப்ளை சிறியது, கார்டுக்கென்று தனி வயர் இருக்காது. மதர்போர்ட் துளை தரக்கூடியது 75 வாட் மட்டுமே. அந்த அளவுக்குள் ஓடுகிற 1050 டி.ஐ., 1650 மாதிரிக் கார்டுகளைத்தான் அதில் போட முடியும். 1650இலும் தனி மின் இணைப்புக் கேட்கிற வகைகள் உண்டு, பார்த்து எடுக்க வேண்டும். ஆர்எக்ஸ் 6400 இன்னும் குறைவான மின்சாரத்தில் ஓடும். ஆனால் அது மதர்போர்டோடு தரவு பரிமாற நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துவதால் பழைய மதர்போர்டில் வேகம் குறையும், வீடியோவைச் சுருக்கி எழுதுகிற பகுதியும் அதில் இல்லை. இரண்டாவது, சிரிக்காதீர்கள், திரையின் எச்.டி.எம்.ஐ. வயரைக் கார்டில் குத்துங்கள். மதர்போர்டில் குத்தினால் புதுக் கார்ட் சும்மா படுத்திருக்கும். 'கார்ட் வேலை செய்யவில்லை' என்று கடைக்குத் தூக்கி வருகிற கணினிகளில் இதுதான் நோயாக இருப்பது அடிக்கடி நடக்கிறது.

ஸ்டூடியோக்காரர்களின் கதை வேறு. திருகோணமலையில் கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று ஆண்டு முழுக்கக் கமரா ஓடுகிறது. புதிய கமராக்கள் பல 4கே அளவில், எச்.இ.வி.சி. என்கிற வீடியோ சுருக்கும் முறையில், 10 பிட் 4:2:2 என்ற நிற அமைப்பில் பதிகின்றன. ஒரு ஸ்டூடியோ அண்ணா ஆர்டிஎக்ஸ் 3060 பூட்டிய நல்ல கணினி வைத்திருந்தார், இருந்தும் எடிட்டிங் மேசையில் வீடியோ தத்தித் தத்தித்தான் ஓடியது. இன்னும் பெரிய கார்ட் வாங்கச் சொல்லி யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் கடன் எடுக்கவும் ஆயத்தம்.

கார்டில் குறை இல்லை. கார்டுக்குள் கணக்குப் பகுதிகளோடு, வீடியோவை விரித்துப் படிக்கவும் சுருக்கி எழுதவும் தனியாக ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. என்விடியாவின் 30, 40 வரிசைக் கார்டுகளில் அந்தப் பகுதிக்கு 4:2:2 படிக்கத் தெரியாது, 2025இல் வந்த 50 வரிசையில்தான் அது சேர்ந்தது. ஆனால் இன்டெல்லின் 11ஆம் தலைமுறையில் இருந்து வருகிற உள்ளிணைந்த கிராபிக்ஸுக்கு எச்.இ.வி.சி. 4:2:2 படிக்கத் தெரியும். அண்ணாவின் செயலி 12400எஃப். அந்த எஃப் எழுத்தின் பொருள் உள்ளிணைந்த கிராபிக்ஸ் இல்லை என்பது. 'கார்ட்தான் இருக்கிறதே' என்று சிறிது காசு மிச்சம் பிடிக்க வாங்கியது. எஃப் இல்லாத 12400ஐ மாற்றிப் போட்டோம், பழையதை விற்றோம். அதே கோப்பு, அதே 3060, இப்போது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்களை நான் கெஞ்சிக் கேட்கிறேன்: பெரிய கார்டுக்குக் காசு கட்டுமுன் உங்கள் கமரா எந்த முறையில் பதிகிறது என்று பாருங்கள். செயலியை மாற்ற வசதி இல்லையென்றால் சின்ன அளவில் ப்ரொக்ஸிப் பிரதி எடுத்து அதில் எடிட் செய்யலாம், அதற்குச் செலவே இல்லை. நிறம் திருத்துவதற்கு டாவின்சி ரிசோல்வ் பாவிக்கிறவர்களுக்கு மட்டும் கார்டின் பலமும் வி.ரேம் என்கிற அதன் சொந்த நினைவகமும் நேரடியாகவே உதவும்.

வீட்டுப் படம் வரைகிறவர்கள், நில அளவையாளர்கள் ஆகியோருக்கு விற்பவர்கள் 'வேர்க்ஸ்டேஷன் கார்ட்' என்று ஒன்றைக் காட்டுவார்கள். என்விடியா இதை நெடுங்காலம் குவாட்ரோ என்ற பெயரில் விற்றது, ஏ.எம்.டி.யில் ரேடியோன் புரோ. உள்ளே இருக்கிற சில்லு பெரும்பாலும் விளையாட்டுக் கார்டில் இருக்கிற அதே குடும்பம்தான். மென்பொருள் நிறுவனங்கள் சோதித்து ஏற்றுக்கொண்ட டிரைவர் (கார்டை இயக்குகிற மென்பொருள்), பெரிய வகைகளில் பிழை திருத்தும் நினைவகம், கூடுதல் வி.ரேம் என்பவற்றுக்குத்தான் அந்த விலை. ஓட்டோகாட்டில் மாடி வீட்டுக்குத் தரைப்படம் கீறுகிறவருக்கு அது தேவையில்லை. இரு பரிமாண வரைதலில் சி.பி.யூ.வின் ஒற்றைக் கோர் வேகம்தான் முக்கியம். பிளெண்டர் மாதிரி மென்பொருளில் வீட்டின் உள்ளலங்காரத்தை நிஜம் போல் காட்டுகிறவருக்குக் கார்ட் வேண்டும், அதற்கும் சாதாரண ஆர்டிஎக்ஸ் கார்ட் நன்றாக வேலை செய்யும்.

இனி, இந்தச் சாமான் எங்கள் கரைக்கு எவ்வளவு நெருக்கமானது என்று சொல்ல வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அந்தக் கிழமை முழுக்க வீட்டுக்கு வீடு வானிலை வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வரைபடம் எப்படி வருகிறது? வளிமண்டலத்தை இலட்சக்கணக்கான சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் காற்று, வெப்பம், ஈரப்பதம், அமுக்கம் அடுத்த சில நிமிடத்தில் எப்படி மாறும் என்று கணக்குப் பார்ப்பார்கள். எல்லாப் பெட்டிக்கும் ஒரே சமன்பாடு, எண்கள்தான் வேறு. கிராபிக்ஸ் செயலிக்கென்றே பிறந்த வேலை. சுவிட்சர்லாந்தின் வானிலை நிறுவனம் 2016இலேயே தன் அன்றாட முன்னறிவிப்பை ஜி.பி.யூ. கணினிகளுக்கு மாற்றிவிட்டது. ஐரோப்பிய நடுத்தர கால வானிலை மையம் 2025 பெப்ரவரியில் இன்னும் ஒரு படி போனது. பல பத்தாண்டுகளின் வானிலைப் பதிவுகளைப் படித்துக் கற்ற ஒரு நரம்பு வலையமைப்பை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. முன்பு பெரும் கணினிகளில் ஓடிய முன்னறிவிப்பை அது கார்டில் நிமிடக் கணக்கில் தருகிறது. புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்பது உட்படப் பல அளவீடுகளில் பழைய முறையை விட 20 சதவீதம் வரை மேம்பட்டிருப்பதாக அந்த மையமே சொல்கிறது. குச்சவெளியிலோ சம்பூரிலோ இருந்து கடலுக்குப் போகிற ஒருவருக்குப் புயலின் பாதை ஒரு நாள் முந்தித் தெரிவது என்ன பெறுமதி என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விளையாட்டுக்காகச் செய்த ஒரு சில்லு இந்த வேலைக்கு வந்து சேர்ந்ததை நினைக்க எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

அந்த மையங்களில் இருப்பவை நாங்கள் வாங்குகிற கார்டுகள் அல்ல. ஏ100, எச்100 போன்ற தரவு மையச் செயலிகள் அவை. திரைக்கு வயர் குத்தத் துளைகூட இருக்காது. எச்100இல் 80 ஜி.பி. நினைவகம், அது சில்லுக்குப் பக்கத்திலேயே அடுக்கடுக்காக ஒட்டியது. அதன் மேல்வகையில் தரவு ஓடுகிற வேகம் செக்கனுக்கு 3,350 ஜி.பி. மேலே சொன்ன 14.4ஐ ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் வந்து கேட்பது இதன் குட்டி வடிவத்தை. செயற்கை நுண்ணறிவு படிக்க எந்தக் கார்ட்? இங்கேதான் 'எத்தனை ஜி.பி.' முதற் கேள்வியாகிறது. 700 கோடி அளவுருக்கள் (கற்றதைப் பதித்து வைக்கிற எண்கள்) கொண்ட ஒரு மொழி மாதிரியை 16 பிட்டில் வைத்தால் அதற்கே 14 ஜி.பி. வேண்டும். 4 பிட்டுக்குச் சுருக்கினால் ஏறத்தாழ 3.5 ஜி.பி., மேலே கொஞ்சம் இடம். அதைப் பயிற்றுவிப்பதற்கு இதைப் போலப் பல மடங்கு வேண்டும். விளையாட்டில் வி.ரேம் போதாவிட்டால் படத்தின் தரத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், இங்கே நிரல் நின்றேவிடும். அதனால்தான் 2023இல் வந்த 8 ஜி.பி. ஆர்டிஎக்ஸ் 4060ஐ விட, 2021இல் வந்த 12 ஜி.பி. 3060 இந்தப் பிள்ளைகளுக்குப் பிரயோசனமானது என்று சொல்கிறேன், விளையாட்டில் புதியது வேகமாக இருந்தாலும்கூட. இந்தத் துறையின் மென்பொருள்களில் பெரும்பாலானவை கூடாவை நம்பி எழுதப்பட்டவை என்பதால், தொடக்கத்தில் என்விடியா பக்கம் நிற்பது தலையிடியைக் குறைக்கும். ஏ.எம்.டி.யும் இன்டெல்லின் ஆர்க்கும் காசுக்கு நல்ல கார்டுகள்தான், ஆனால் கற்கிற பிள்ளை டிரைவரோடு மல்லுக்கட்டி நாளைக் கழிக்கக் கூடாது.

இன்னொன்றையும் அவர்களிடம் சொல்வேன். முதல் ஆண்டிலேயே வாங்காதே தங்கச்சி. இணையத்தில் நிரல் ஓட்டிப் பார்க்கத் தருகிற கூகுள் கோலாப்பில் இலவசக் கணக்கிலேயே 16 ஜி.பி. கொண்ட டி4 செயலி கிடைக்கும், நேரக் கட்டுப்பாடு மட்டும் உண்டு. பாடத்துக்கு அது போதும். இறுதியாண்டு ஆய்வு வரும்போது எது தேவை என்று உனக்கே தெரியும், அப்போது வா, நான் தேடித் தருகிறேன்.

ஊர்க் காலநிலையைப் பற்றி இணையத்தில் யாரும் எழுதுவதில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் அறைக்குள் பகலில் 35 பாகை சாதாரணம். அறை 10 பாகை சூடானால் கார்டும் ஏறத்தாழ அதே அளவு சூடாகும். குளிரூட்டிய அறையில் 70இல் ஓடிக் காட்டுகிற கார்ட் இங்கே 80ஐத் தொட்டு, தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மென்பொருளில் மின் எல்லையை 80 சதவீதம் அளவுக்கு இறக்கிவிடுங்கள், வேகத்தில் இழப்பது சிறிது, வெப்பத்தில் குறைவது நிறைய. அடுத்தது உப்பு. கடற்கரையோரம் இருக்கிற வீடுகளில் விசிறி உள்ளே இழுப்பது உப்பு ஈரம் கலந்த காற்று. திருகாணிகள் துருப்பிடிக்கும், வெப்பத் தகடுகளில் வெள்ளை பூக்கும், துளையில் குத்தும் பல்வரிசையில் தொடர்பு விட்டுப்போகும். 'திரை வரவில்லை' என்று வருகிற கார்டுகளில் பலவற்றுக்கு ஐசோபுரோப்பைல் அல்ககோலால் அந்தப் பற்களைத் துடைத்தாலே உயிர் வந்துவிடுகிறது. கணினியைக் கடல் பார்க்கிற ஜன்னலுக்கு எதிரே வைக்க வேண்டாம். மின்வெட்டையும் மறக்க முடியாது. 2022 மார்ச் முடிவில் 13 மணி நேரம் இருளில் இருந்தோம். 650 வி.ஏ. என்று எழுதிய சின்ன யூ.பி.எஸ். பலவும் 400 வாட்டுக்குக் குறைவாகவே தாங்கும், பெரிய கார்ட் முழு வேகத்தில் ஓடும்போது கரண்ட் போனால் யூ.பி.எஸ். இருந்தும் கணினி நின்றுவிடும்.

பழைய கார்ட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்கிற மின்னணு நாணயம் தன் முறையை மாற்றியதோடு கார்டுகளால் அந்த நாணயம் அகழ்வது முடிந்தது, அகழ்ந்த கார்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன. அகழ்ந்தது என்பதற்காக ஒதுக்கத் தேவையில்லை. விசிறியும் நினைவகத்தின் மேல் ஒட்டியிருக்கிற பட்டையும் நல்ல நிலையில் இருந்தால் அது இன்னும் உழைக்கும். பெயரைத்தான் நம்பக் கூடாது. ஆர்எக்ஸ் 580 என்று ஒன்று வந்தால் உள்ளே 2,304 கணக்குப் பகுதிகளா, 2,048ஆ என்று பாருங்கள். இரண்டாவது உண்மையில் 570இன் பலம்தான். பழைய சில்லின் மென்பொருளை மாற்றி 1050 டி.ஐ. என்று பொய்ப் பெயர் காட்டுகிற கார்டுகளும் உண்டு. ஜி.பி.யூ. இசட் என்ற இலவச மென்பொருள் இதைக் காட்டிக்கொடுக்கும். அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, திரையில் நிறப் புள்ளிகள் சிதறுகின்றனவா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். ஓட்டிக் காட்ட மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

கடைசியாக என் ஆசை ஒன்று. இந்த மாவட்டத்தில் ஒரு பொது நூலகமோ பாடசாலையோ பழைய மாணவர் சங்கமோ முன்வந்து, 12 அல்லது 16 ஜி.பி. கார்ட் பூட்டிய ஒரே ஒரு கணினியை வைத்தால் போதும். லினக்ஸ் போட்டு, ஒரே கணினியைப் பலர் தூரத்தில் இருந்து பாவிக்க விடுகிற ஜூபிட்டர்ஹப் என்ற மென்பொருளை ஏற்றிவிட்டால் மூதூரில் இருக்கிற பிள்ளையும் திரியாயில் இருக்கிற பிள்ளையும் தங்கள் வீட்டில் இருந்தே, உள்ளிணைந்த கிராபிக்ஸ் கொண்ட சாதாரண லப்டொப்பில் இருந்தே, அதில் வேலை செய்யலாம். முறை வைத்து இரவு முழுக்க ஓடட்டும். கார்ட் 170 வாட், மற்றவை சேர்த்து 300 வாட் என்று வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 2.4 யூனிட்தான் மின்சாரம். பூட்டிக் கொடுக்கவும், விசிறியைத் துடைத்துப் பராமரிக்கவும் நான் கூலி கேட்க மாட்டேன். இடமும் இணைய இணைப்பும் தரக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள்.